ஊர்ப் பெயரில் ஒரு போர்!
ஒரே வேரில் பிறந்த சொற்கள் எதிரிகள் ஆன கதை

இரவு படுக்கும்போது ஒரு ஊர். மறுநாள் எழுந்தால் வேறு ஊர்!

வீடு மாறவில்லை. தெரு மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அவரேதான். ஆனால் ஊரின் பெயர் மட்டும் மாறிவிட்டது.

இது கதை அல்ல. உக்ரைன் நாட்டில் உண்மையாகவே நடந்தது.

2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ந் தேதி உக்ரைன் பார்லிமெண்டு கூடியது. "செர்வோனோகிராடு" என்ற நிலக்கரிச் சுரங்க நகரத்துக்கு "ஷெப்டிட்ஸ்கி" என்று பெயர் வைத்தது. அதே சமயத்தில் "கிராஸ்னோகிராடு" என்ற ஊர் "பெரெஸ்டின்" ஆயிற்று. "நோவோமாஸ்கோவ்ஸ்க்" என்ற ஊர் "சமார்" ஆயிற்று.

குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் வருகிறது, போகிறது. பிள்ளைகள் போர்முனையில் நிற்கிறார்கள். இந்த நேரத்தில் ஊர்ப் பெயரை மாற்றுவதா முக்கியம்?

முக்கியம் என்கிறார்கள் உக்ரைன் மக்கள். ஏன்?

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சொல்லின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சொல்தான் "கிராடு".

வேலி போட்ட இடம்

ரஷியர், உக்ரேனியர், போலந்துக்காரர், செக்குகள், செர்பியர், பல்கேரியர் ஆகிய எல்லோரும் "ஸ்லாவ்" இனத்தார். அவர்களுடைய மொழிகள் அக்காள் தங்கை போன்றவை. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு அவை ஏறக்குறைய ஒரே மொழியாக இருந்தன.

அந்தப் பழைய மொழியில் "கோர்டு" என்று ஒரு சொல் இருந்தது. வேலி போட்டு அடைத்த இடம் என்று அதற்குப் பொருள். மண்மேடு எழுப்பி, மரக்கட்டைகளை நட்டு, உள்ளே ஜனங்கள் குடியிருப்பார்கள். எதிரி வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதுதான் அந்தக் காலத்துக் கோட்டை. அதுதான் ஊர்.

பிறகு ஜனங்கள் நாலா பக்கமும் பிரிந்து போனார்கள். சொல்லும் கூடவே போயிற்று. போன இடத்தில் நாக்குக்கு ஏற்றபடி திரிந்தது.

ரஷியாவில் அது "கோரோடு" ஆயிற்று. உக்ரைனில் "ஹோரோடு". செர்பியாவிலும் பல்கேரியாவிலும் "கிராடு". செக் நாட்டில் "ஹிராடு". போலந்தில் "குரூடு". போலந்தின் கடற்கரைப் பக்கம் "கார்டு".

ஆறு உருவம். வேர் ஒன்றே!

இங்கிலீஷ்காரர்கள் தோட்டத்தைக் "கார்டன்" என்று சொல்வதும் தூரத்து உறவுதான். அதுவும் வேலி போட்ட இடம் அல்லவா? இன்னும் ஓர் உறவு உண்டு. வீடு என்று பொருள்படும் வடமொழிச் சொல் "கிருஹம்". அதற்கும் இதே வேர் என்பது மொழி ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அப்படியானால், புது வீட்டுக்குப் பால் காய்ச்சி நடத்தும் கிரகப்பிரவேசத்திலும், ஸ்டாலின்கிராடிலும் ஒரே வேர் ஒளிந்திருக்கிறது!

எத்தனை வெள்ளைக் கோட்டை!

ஐரோப்பாவின் படத்தை விரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

செர்பியாவின் தலைநகரம் பெல்கிரேடு. அந்த நாட்டார் "பெயோகிராடு" என்பார்கள். "வெள்ளைக் கோட்டை" என்று பொருள்.

ரஷியாவின் எல்லையில் பெல்கோரோடு என்று ஒரு நகரம். அதற்கும் வெள்ளைக் கோட்டை என்றுதான் பொருள். போலந்தில் பியாவோகார்டு. அதுவும் வெள்ளைக் கோட்டை.

உக்ரைனில், நீஸ்டர் ஆறு கருங்கடலை நெருங்கும் இடத்தில், பில்ஹோரோடு இருக்கிறது. மறுபடியும் வெள்ளைக் கோட்டை!

இந்தப் பில்ஹோரோடின் கதை சுவையானது. துருக்கியர் வந்து அதைப் பிடித்தார்கள். "அக்கெர்மான்" என்று பெயர் வைத்தார்கள். துருக்கி மொழியில் அதற்கும் வெள்ளைக் கோட்டை என்றே பொருள். ருமேனியர் "சேத்தாத்தியா அல்பா" என்றார்கள். அதற்கும் அதே பொருள்! ராஜாக்கள் மாறினார்கள். கொடி மாறியது. பாஷை மாறியது. ஆனால் வந்தவன் ஒவ்வொருவனும் பழைய பெயரைத் தன் பாஷையில் மொழிபெயர்த்துக்கொண்டானே தவிர, பொருளை விடவில்லை.

இந்தக் காலத்தவருக்கு அந்தப் பொறுமை இல்லை.

ரஷியாவின் பெல்கோரோடும் உக்ரைனின் கார்கிவ் நகரமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு காலத்தில் காலையில் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்புவார்கள். இந்த ஊரில் பெண் கொடுத்து அந்த ஊரில் பெண் எடுத்த குடும்பங்கள் உண்டு. 2022-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி ரஷிய ராணுவம் உக்ரைனுக்குள் புகுந்தது. அன்று முதல் கார்கிவ் மீது குண்டு விழத் தொடங்கியது. பிறகு பெல்கோரோடு மீதும் விழுந்தது. 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி நடந்த ஒரே தாக்குதலில் பெல்கோரோடில் 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சம்பந்தி வீட்டார் சாவுக்குக்கூட எல்லை தாண்டிப் போக முடியவில்லை.

மிர்ஹோரோடு என்றும் ஓர் ஊர் உக்ரைனில் இருக்கிறது. "அமைதி ஊர்" என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அங்கே ராணுவ விமானத் தளம் இருப்பதால், அமைதி ஊர் மீதும் ஏவுகணைகள் பாய்ந்தன.

உஷ்ஹோரோடு என்ற பெயரை நம் ஊரிலும் சில குடும்பங்கள் மறக்கமாட்டா. "உஷ்" என்ற ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. அங்கே மருத்துவக் கல்லூரி உண்டு. 2022-ல் போர் மூண்டபோது இந்திய மாணவர்கள் பலர் அந்தப் பக்கமாகத்தான் ஹங்கேரி எல்லையைத் தாண்டினார்கள். "ஆபரேஷன் கங்கா" விமானங்களில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். டெலிபோனைக் கையில் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார்களுக்கு அந்தப் பெயர் மனப்பாடம்.

நகரமா? கத்தரிக்காய்த் தோட்டமா?

"கோரோடு" என்றால் ரஷியருக்கு நகரம். அதே எழுத்துகளை அதே வரிசையில் எழுதி உக்ரேனியரிடம் காட்டினால் "ஹோரோடு" என்று படிப்பார். பொருள் என்ன தெரியுமா? காய்கறித் தோட்டம்!

"அப்பா எங்கே?" என்று கேட்டால் "கோரோடுக்குப் போயிருக்கிறார்" என்பான் ரஷியப் பையன். அப்பா நகரத்தில் இருக்கிறார். உக்ரேனியப் பையன் அதையே சொன்னால், அப்பா கொல்லையில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கிறார்!

வேலி போட்ட இடம் என்ற பழைய பொருளை ஒருவர் கோட்டைக்கு வைத்துக்கொண்டார். மற்றவர் தோட்டத்துக்கு வைத்துக்கொண்டார். நகரத்துக்கு உக்ரேனியர் "மிஸ்டோ" என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ரஷிய மொழியில் அதே சொல் "மெஸ்டோ" என்று இருக்கிறது. அதற்கு வெறும் "இடம்" என்று பொருள். உறவு நெருங்க நெருங்கக் குழப்பமும் நெருங்குகிறது.

ஊரே குடும்பப் பெயர்

ஸ்லாவ் மக்களின் குடும்பப் பெயர்கள் பல ஊரிலிருந்து வந்தவை. "ஸ்கி" என்று முடியும் பெயர்களைப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். "அதைச் சேர்ந்தவர்" என்று அதற்குப் பொருள். பெண்ணாக இருந்தால் "ஸ்கா", "ஸ்கயா" என்று முடியும்.

கீவ் நகரத்துக்குப் போனவர்கள் ஒரு விசித்திர மாளிகையைப் பார்த்திருப்பார்கள். கூரையில் தவளை, சுவரில் யானைத் தலை என்று சிமெண்டில் செய்து வைத்திருக்கும். அதைக் கட்டிய கட்டடக் கலைஞரின் பெயர் ஹோரோடெட்ஸ்கி. "கோட்டை ஊரைச் சேர்ந்தவர்" என்பதே அதன் பொருள்.

போலந்துப் பார்லிமெண்டின் மேல்சபைக்கு 2019 முதல் 2023 வரை தலைவராக இருந்தவர் குரோட்ஸ்கி. அதே வேர். ஜெர்மனியின் லெவர்குசன் கால்பந்துக் குழு 2024-ல் ஒரு பந்தயம்கூடத் தோற்காமல் லீக் கோப்பையை வென்றது. அதன் காப்டனாக நின்ற கோல்கீப்பர் ஹிராடெக்கி. அதுவும் அதே வேர். கோட்டை வாசலைக் காத்தவர்களின் பெயரைச் சுமந்துகொண்டு கோல் வாசலைக் காத்தார்!

இதையெல்லாம் தூக்கி அடிக்கும் கதை ஒன்று உண்டு. ஸ்லோவேனியா நாட்டில் "ஸ்லோவெனி கிராடெஸ்" என்று ஒரு சின்ன ஊர். கிராடெஸ் என்றால் குட்டிக் கோட்டை. ஜெர்மன்காரர்கள் அதை "விண்டிஷ் கிரேட்ஸ்" என்றார்கள். "ஸ்லாவ்காரர்களின் குட்டிக் கோட்டை" என்று பொருள். அந்த ஊர்ப் பெயரை ஆஸ்திரியாவின் ஒரு பிரபுக் குடும்பம் தன் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டது.

1848-ம் ஆண்டு ஜூன் மாதம். பிராக் நகரத்தில் ஸ்லாவ் மக்கள் மாநாடு கூட்டினார்கள். பிறகு கலகம் மூண்டது. அதைப் பீரங்கியால் சுட்டு அடக்க ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் தளபதி வந்தார். அவர் பெயர் என்ன? விண்டிஷ் கிரேட்ஸ்! ஸ்லாவ்களின் கோட்டை என்று பெயர் வைத்துக்கொண்டவரே ஸ்லாவ்கள் மீது பீரங்கி வெடித்தார். அந்தக் கலகத்தில் அவருடைய மனைவியும் குண்டு பாய்ந்து இறந்தார்.

ஆஸ்திரியாவில் உள்ள கிராட்ஸ் என்ற பெரிய நகரத்தின் பெயரும் இந்தக் குட்டிக் கோட்டைதான். இன்று அங்கே பேசுவது ஜெர்மன் மொழி. பெயர் மட்டும் பழைய குடிகளை ஞாபகப்படுத்துகிறது.

கொல்லர் வீட்டுப் பிள்ளைகள்

கோட்டை மட்டும் அல்ல. கொல்லர் பட்டறையும் இப்படித்தான். ரஷியாவில் கொல்லனைக் "குஸ்னெட்ஸ்" என்பார்கள். குஸ்னெட்சோவ் என்ற குடும்பப் பெயர் அங்கே தடுக்கி விழுந்தால் ஒன்று. உக்ரைனில் கோவால், கோவாலென்கோ. போலந்தில் கோவால்ஸ்கி. செர்பியாவில் கோவாச். எல்லாம் சம்மட்டி அடித்தவரின் சந்ததி. சைபீரியாவில் நோவோகுஸ்னெட்ஸ்க் என்று ஓர் இரும்பு நகரமே இருக்கிறது. ரஷியாவின் விமானந்தாங்கிக் கப்பலுக்கு "அட்மிரல் குஸ்னெட்சோவ்" என்று பெயர். அந்தக் கப்பல் 1985-ல் நீரில் இறங்கியது எங்கே? உக்ரைனின் மிகோலாயிவ் துறைமுகத்தில்!

"நோவ்" என்றால் புதிது. நோவ்கோரோடு என்றால் புதுக் கோட்டை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயதாகியும் அது இன்னும் "புது" ஊர்தான்! ஊருக்குப் புதிதாக வந்தவனை "நோவாக்" என்றார்கள். இன்று போலந்திலும் செக் நாட்டிலும் ஸ்லோவேனியாவிலும் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் அதுவே. டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச்சுக்கு அது சொந்தப் பெயராகவே அமைந்துவிட்டது.

உக்ரைன் ஜனாதிபதி ஜெலன்ஸ்கியின் பெயரில் இருப்பது "ஜெலன்". பச்சை என்று பொருள். போலந்தில் ஜியலோனா கூரா என்றால் பச்சை மலை. மாஸ்கோவை ஒட்டி ஜெலனோகிராடு என்று ஒரு நகரம் இருக்கிறது. "பச்சை நகரம்"! உக்ரைன் ஜனாதிபதியின் பெயரும் ரஷியத் தலைநகரத்தின் ஒரு பகுதியும் ஒரே வேரில் முளைத்தவை.

பெண்களின் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செக் நாட்டில் கணவர் நோவாக் என்றால் மனைவி நோவாக்கோவா. "ஓவா" போடாமல் பெயர் வைத்துக்கொள்ளப் பெண்களுக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. வெளிநாட்டுக்குப் போனால் தொல்லை! "உங்கள் பிள்ளையின் பெயரும் உங்கள் பெயரும் ஒட்டவில்லையே" என்று கேட்பார்கள். 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் செக் பெண்கள் விரும்பினால் "ஓவா" இல்லாமலே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்துவிட்டது.

"கிராடு" ஏன் கசந்தது?

இப்போது உக்ரைனுக்குத் திரும்புவோம்.

ரஷியரின் சொந்தச் சொல் "கோரோடு" என்று பார்த்தோம். அப்படியானால் லெனின்கோரோடு என்று அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? லெனின்கிராடு என்று ஏன் வந்தது?

"கிராடு" தெற்கு ஸ்லாவ் உருவம். பழைய கிறிஸ்தவ வேத நூல்கள் தெற்கிலிருந்து ரஷியாவுக்கு வந்தன. அவற்றோடு இந்தச் சொல்லும் வந்தது. கோயில் பாஷை ஆகையால் அதற்கு ஒரு கம்பீரம் இருந்தது. "கோரோடு" பேச்சு வழக்கு. "கிராடு" மேடை வழக்கு. ஆகவே ஜார் சக்கரவர்த்திகள் பெரிய பெயர் வைக்க ஆசைப்பட்டபோது "கிராடு" சேர்த்தார்கள். பிறகு வந்த சோவியத் சர்க்காரும், கோயிலைப் பூட்டினாலும், கோயில் சொல்லை மட்டும் விடவில்லை!

பீட்டர் சக்கரவர்த்தி கட்டிய நகரம் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க். 1914-ல் ஜெர்மனியோடு யுத்தம் வந்தது. "பர்க்" ஜெர்மன் சொல் ஆயிற்றே என்று பெட்ரோகிராடு ஆக்கினார்கள். 1924-ல் லெனின்கிராடு. 1991-ல் மறுபடியும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்.

நிஷ்னி நோவ்கோரோடு என்ற நகரத்துக்கு 1932-ல் "கார்க்கி" என்று பெயர் சூட்டினார்கள். "தாய்" நாவலை எழுதிய அதே மாக்சிம் கார்க்கிதான். அது அவருடைய புனைபெயர். கார்க்கி என்றால் "கசப்பு" என்று பொருள். 1990 வரை அந்த ஊர் ஜனங்கள் "கசப்பு" என்ற ஊரில் குடியிருந்தார்கள்!

உக்ரைனில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். அங்கே நடுப்பகுதியில் ஒரு நகரம். ராணி எலிசபெத்தின் காலத்தில், 1754-ல், கோட்டையாகத் தொடங்கியது. எலிசவெத்கிராடு ஆயிற்று. 1924-ல் சினோவியேவ்ஸ்க். அந்தச் சினோவியேவ் தலைவரை ஸ்டாலினுக்குப் பிடிக்காமல் போயிற்று. 1934-ல் கிரோவோ. 1939-ல் கிரோவோகிராடு. 2016-ல் கிரோபிவ்னிட்ஸ்கி. உக்ரைன் நாடக மேடையை வளர்த்த மார்க்கோ கிரோபிவ்னிட்ஸ்கியின் பெயர் அது.

ஒரே வீட்டில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த ஒருவரிடம் நாலு ஊர்ப் பெயரில் நாலு தஸ்தாவேஜு! பள்ளிக்கூடச் சான்றிதழில் ஓர் ஊர், கலியாணப் பத்திரத்தில் ஓர் ஊர்.

உக்ரேனியரின் சொந்தச் சொல் "ஹோரோடு". ஆகவே "கிராடு" என்று முடியும் பெயரைக் கேட்டாலே, ஜார் வைத்ததோ சோவியத் வைத்ததோ என்ற எண்ணம் அவர்களுக்கு வருகிறது. 2022-ல் நோவோகிராடு வோலின்ஸ்கி என்ற ஊருக்கு ஸ்வியாஹெல் என்ற அதன் பழைய பெயரையே திரும்பக் கொடுத்தார்கள். 2023-ல் ரஷிய ஆதிக்கத்தைக் குறிக்கும் ஊர்ப் பெயர்களை நீக்கச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின்படிதான் 2024-ல் செர்வோனோகிராடும் கிராஸ்னோகிராடும் போயின. "செர்வோனோ", "கிராஸ்னோ" இரண்டுக்கும் பொருள் சிவப்பு!

உஷ்ஹோரோடு போகவில்லை. மிர்ஹோரோடு போகவில்லை. வேர் ஒன்றுதான். ஆனால் ஒன்று வீட்டுப் பிள்ளை. மற்றது வந்தேறி என்று தீர்ப்பு!

இந்தத் தீர்ப்பு முழுக்க நியாயம் என்று சொல்ல முடியாது. "கிராடு" என்பது செர்பியனுக்கும் பல்கேரியனுக்கும் தாய்மொழிச் சொல். சொல் என்ன பாவம் செய்தது? பாவ்லோகிராடு என்ற ஊர் 2024-ம் ஆண்டுப் பட்டியலில் தப்பியும் இருக்கிறது. ஆனால் தலைக்கு மேல் டிரோன் பறக்கும்போது இலக்கணம் பேச யாருக்கும் பொறுமை இராது. எதிரியும் சும்மா இல்லை. உக்ரைன் 2016-ல் "பாக்முத்" என்று மாற்றிய ஊரை, 2023 மே மாதம் பிடித்த ரஷியர்கள், "அர்த்யோமோவ்ஸ்க்" என்ற சோவியத் பெயரால்தான் அழைக்கிறார்கள். பெயரைச் சொல்லும் வாயைப் பார்த்தே அவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

"கீயெவ்" என்பதா, "கீவ்" என்பதா என்ற சண்டையும் இதுதான். கீவ் என்றால் "கீ என்பவருடைய ஊர்" என்று பொருள். இவானோவ் என்ற பெயரில் உள்ள "ஓவ்" என்னவோ, அதுதான் இந்த "இவ்". ரஷியர் ல்வோவ், கார்கோவ் என்பார்கள். உக்ரேனியர் ல்விவ், கார்கிவ் என்பார்கள். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 2019-ல் அமெரிக்கச் செய்தி நிறுவனமும் லண்டன் ரேடியோவும் உக்ரேனிய உச்சரிப்புக்கு மாறின.

சுற்றி வந்த பெயர்

முதலில் சொன்ன சுரங்க நகரத்துக்கு வருவோம். 1692-ல் போலந்துப் பிரபு ஒருவர் அதைக் கட்டினார். தன் மனைவி கிறிஸ்டினாவின் பெயரால் கிறிஸ்டினோபோல் என்றார். 1951-ல் போலந்தும் சோவியத் நாடும் எல்லையில் நிலத்தை மாற்றிக்கொண்டன. ஊர் சோவியத் பக்கம் வந்தது. "செர்வோனோகிராடு" ஆயிற்று.

இப்போதைய பெயர் ஆந்திரே ஷெப்டிட்ஸ்கி என்ற பேராயருடையது. இரண்டாம் உலகப் போரில், ஹிட்லரின் ஆட்கள் வேட்டையாடியபோது, யூதக் குழந்தைகளை மடங்களில் ஒளித்துக் காப்பாற்றியவர் அவர். 1944-ல் காலமானார்.

ஷெப்டிட்ஸ்கி என்ற அந்தக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அதே ல்விவ் பகுதியில் ஷெப்டிச்சி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்தக் கிராமத்தாருக்கு அந்தப் பெயர். கிராமம் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது. குடும்பம் இப்போது நகரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டது!

எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் பெயர் சும்மா இருக்கவில்லை. ஹிட்லரின் படை முறிந்த ஸ்டாலின்கிராடு நகரம் 1961-ல் வோல்கோகிராடு ஆயிற்று. ஸ்டாலின் பெயரை எடுத்தார்கள், கிராடை எடுக்கவில்லை. 2013-ல் அந்த நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. வெற்றி விழா போன்ற ஆறு நாட்களுக்கு மட்டும் விழாக்களில் ஸ்டாலின்கிராடு என்று சொல்லலாம் என்றது. 2025 ஏப்ரலில் புட்டின் ஓர் உத்தரவு போட்டார். நகரத்தின் பெயர் மாறவில்லை. அங்குள்ள விமான நிலையத்துக்கு மட்டும் "ஸ்டாலின்கிராடு" என்று பெயர் வைத்தார்.

மாஸ்கோவில் விமானம் ஏறுகிறவர் ஸ்டாலின்கிராடில் இறங்குகிறார். டாக்சி பிடித்து வோல்கோகிராடுக்குப் போகிறார்.